மூன்றாம் வகுப்புப் பயணிகளைத் தேடிப் போனவர்

(கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு என் முதல் வணக்கம். இந்த மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஐயாவிடம் படித்தவர்கள். பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, கடைசியில் கேட்கிறேன். மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு புத்தகம்கூட நனையாமல் காத்துவரும் நூலகர் அம்மா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்த வர்த்தகர் சங்கத்துப் பெரியவர்களே, மாணவ மாணவியரை வரிசையாக அழைத்து வந்திருக்கும் தமிழாசிரியை அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தீர்கள். எல்லா மேடையிலும் இந்தப் பழக்கம் வர வேண்டும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு உலகப் பயண இலக்கியம். அது கடல். நான் ஒரே ஒரு மனிதரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இத்தாலி நாட்டு எட்மொண்டோ டே அமீச்சிஸ். அவரைப் பத்திரிகையாளர், பயணி, கவிஞர் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்றாள் ஔவை. நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டத் தொடங்கும்போதே படிக்கிற வரி. நானும் பல மேடைகளில் சொல்லி வருகிற வரி. ஓடு என்று சொன்னாள், தேடு என்றும் சொன்னாள். ஓடியவன் என்ன ஆனான், போன வழியில் என்ன பட்டான் என்று யார் போய் விசாரித்தார்கள்? விசாரித்தவர்களில் ஒருவர் இந்த அமீச்சிஸ். அவரைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுதான்.

1846-இல் இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் ஒனேலியா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது இத்தாலி என்று ஒரே நாடு கிடையாது. துண்டு துண்டாகச் சிற்றரசுகள். பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டியின் தொண்டர் படையில் சேரத் துடித்தார், வயது போதாது என்று சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு மொடேனா ராணுவப் பள்ளியில் படித்து அதிகாரி ஆனார். 1866-இல் ஆஸ்திரியாவோடு நடந்த கஸ்தோட்சா போரில் இருந்தார். அதில் இத்தாலி தோற்றது. அந்தத் தோல்விக்கு அப்புறம் புளோரன்ஸ் நகரில் ஒரு ராணுவப் பத்திரிகையில் உட்கார்ந்து சிப்பாய்களின் வாழ்க்கையைச் சின்னச் சின்னச் சித்திரங்களாக எழுதினார். அணிவகுப்பில் வெயிலில் சுருண்டு விழுகிறவன், வீட்டுக்குக் கடிதம் எழுதத் தெரியாதவன், காலரா பரவிய ஊரில் பிணம் சுமந்தவன், இப்படிப்பட்ட ஆட்கள். 1868-இல் அது புத்தகமாக வந்ததும் பெயர் பரவியது.

ராணுவத்தை விட்டுவிட்டு 'லா நட்சியோனே' நாளிதழுக்கு எழுதப் போனார். 1870 செப்டம்பர் 20-இல் இத்தாலியப் படை அதுவரை போப்பின் ஆட்சியில் இருந்த ரோம் நகரின் மதிலை உடைத்து உள்ளே நுழைந்தபோது அங்கே நிருபராக இருந்தார். அதற்குப் பிறகு கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஸ்பெயின், ஹாலந்து, லண்டன், மொராக்கோ, கான்ஸ்டான்டிநோபிள், பாரிஸ் என்று எழுபதுகளில் வரிசையாகப் புத்தகங்கள். மொராக்கோவுக்கு இத்தாலிய அரசின் தூதுக்குழுவோடு, ஓவியர்கள் கூட வர, குதிரை மேல் போனார்.

கான்ஸ்டான்டிநோபிள் புத்தகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய இஸ்தான்புல்தான் அது. 1874-இல் போனார், சில ஆண்டுகள் கழித்துப் புத்தகம் வந்தது. கப்பல் நகரை நெருங்கும்போது எங்கும் பனிமூட்டம். ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூட்டம் மெதுவாக விலக, ஒரு மசூதிக் கோபுரம், ஒரு குன்று, ஒரு கூரை என்று நகரம் துண்டு துண்டாக வெளியே வருகிறது. அப்புறம் கலாத்தா பாலத்தில் போய் நிற்கிறார். அங்கே ஒரு மணி நேரம் நின்றால் நகரம் முழுதும் நம் முன்னால் நடந்து போய்விடும் என்கிறார். துருக்கியர், ஆர்மீனியர், கிரேக்கர், யூதர், சுமைகூலி, பல்லக்கில் போகும் சீமாட்டி என்று ஒருவரையும் விடவில்லை. தெருநாய்களுக்குக்கூடத் தனியாகப் பல பக்கங்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து நோபல் பரிசு பெற்ற ஓரான் பாமுக், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் நகரத்தைப் பற்றி வந்தவற்றில் இதை உயர்ந்ததாக வைக்கிறார். வெளியூர்க்காரன் எழுதியதை உள்ளூர்க்காரன் ஒப்புக்கொள்வது எளிதில் நடக்கிற காரியமா?

இப்போது ஒரு கதை சொல்கிறேன். மாணவச் செல்வங்கள் கவனிக்க வேண்டும்.

1886-இல் பள்ளிக்கூடம் திறக்கிற அக்டோபர் மாதத்தில், மிலான் நகரின் திரேவெஸ் பதிப்பகம் இவருடைய 'குவோரே' என்ற புத்தகத்தை வெளியிட்டது. 'இதயம்' என்று பொருள். டூரின் நகரத்து மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் நாட்குறிப்பு. சில மாதங்களிலேயே நாற்பது பதிப்புகள் போனதாகச் சொல்வார்கள். அதில் மாதத்துக்கு ஒரு கதையை ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். மே மாதத்துக் கதைதான் நான் சொல்லப்போவது.

ஜெனோவாவில் மார்க்கோ என்று ஒரு பையன். வயது பதின்மூன்று. குடும்பம் கடனில் விழுந்துவிட்டது. தாய் அர்ஜென்டினாவுக்கு, புவனோஸ் ஐரிஸ் நகரத்துக்கு, வீட்டு வேலைக்குப் போகிறாள். நல்ல குடும்பம் ஒன்றில் வேலை. பணம் அனுப்புகிறாள், கடிதம் வருகிறது. ஒரு கடிதத்தில் உடம்பு சரியில்லை என்று எழுதுகிறாள். அதோடு கடிதம் நின்றுவிடுகிறது. தூதரகத்துக்கு எழுதிப் பார்த்தார்கள், பதிலில் ஒன்றும் இல்லை. அப்பா வேலையை விட்டுப் போக முடியாது. அண்ணன் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான், அவனையும் அனுப்ப முடியாது. "நான் போகிறேன்" என்கிறான் சின்னவன். தெரிந்த ஒரு கப்பல் தலைவர் மூன்றாம் வகுப்பு டிக்கெட் இலவசமாக வாங்கித் தருகிறார். இருபத்தேழு நாள் கடல் பயணம்.

ஊர் போய்ச் சேர்ந்து, தாய்க்குக் கடிதம் சேர்ப்பித்து வந்த உறவுக்காரரின் கடையைத் தேடி ஓடுகிறான். உறவுக்காரர் செத்துப்போயிருக்கிறார். தாய் வேலை பார்த்த குடும்பம் கோர்தோபாவுக்குப் போய்விட்டதாம். பரானா ஆற்றில் படகில் ஏறி ரொசாரியோ வரை போகிறான். கையில் ஒரு அறிமுகக் கடிதம். அந்தப் பெரிய மனிதர் ஊரில் இல்லை. வேலைக்காரன் கதவைச் சாத்துகிறான். தெருவில் உட்கார்ந்து அழுகிறான் பிள்ளை.

அப்போது தோளில் ஒரு கை. கப்பலில் கூட வந்த லொம்பார்தியக் கிழவர்! அவரும் பிழைக்க வந்த விவசாயிதான். அவரிடமும் காசு கிடையாது. பையனை இத்தாலியர்கள் கூடும் ஒரு மதுக்கடைக்கு இழுத்துக்கொண்டு போகிறார். "நம் நாட்டுப் பிள்ளை, தாயைத் தேடித் தனியாக வந்திருக்கிறான்" என்கிறார். அங்கே இருந்த எல்லோரும் கூலிக்காரர்கள். மேசையைத் தட்டுகிறார்கள், தொப்பியைச் சுற்றுக்கு விடுகிறார்கள். பத்து நிமிஷத்துக்குள் நாற்பத்திரண்டு லிரா சேர்ந்துவிட்டது. அம்மா, ஐயா, பிழைக்கப் போன இடத்தில் நம்மவர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்வார்கள் என்று கேட்டால், அந்தத் தொப்பியைத்தான் நான் காட்டுவேன். ரியாத்திலும் துபாயிலும் ஒருவர் இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்ப முகாமில் இருக்கும் தொழிலாளிகள் பணம் திரட்டுகிறார்களே, அதே தொப்பிதான்.

கோர்தோபா போனால், குடும்பம் இன்னும் வடக்கே துக்குமானுக்குப் போய்விட்டது! மாட்டு வண்டிக் கூட்டம் ஒன்றோடு ஒட்டிக்கொள்கிறான். விறகு சுமக்கிறான், தீவனம் தூக்குகிறான், அடி வாங்குகிறான், காய்ச்சலில் கிடக்கிறான். வண்டிகள் வேறு வழியில் திரும்பிவிட, மிச்ச தூரத்தைத் தனியாக நடக்கிறான். செருப்பு கிழிந்து, கால் புண்ணாகி. அங்கே தாய் சாகக் கிடக்கிறாள். அறுவை சிகிச்சை செய்தால் பிழைப்பாள், ஆனால் அவளுக்கு உயிர்மேல் ஆசை விட்டுப்போய்விட்டது. வேண்டாம், நிம்மதியாகச் சாக விடுங்கள் என்கிறாள். வாசலில் கிழிந்த துணியோடு மகன் வந்து நிற்கிறான். பார்த்த அந்த நிமிஷத்திலேயே சிகிச்சைக்குச் சம்மதிக்கிறாள். எல்லாம் முடிந்ததும் பையன் மருத்துவரின் காலில் விழுந்து நன்றி சொல்கிறான். அவர் தூக்கி நிறுத்தி, "உன் தாயைக் காப்பாற்றியது நீதான்" என்கிறார்.

(கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று.)

இந்தக் கதையை 1976-இல் ஜப்பானியர்கள் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் பார்த்து அழுதார்கள். அழவைக்கிறார் என்பதுதான் அமீச்சிஸ் மேல் வைக்கிற பெரிய குற்றச்சாட்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கவிஞர் கார்துச்சி, இவர் உருகி உருகி எழுதுகிறார் என்று கேலி செய்தார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடன் தீர்க்கக் கடல் கடந்து போன தாயைப் பற்றி வேறு எப்படி எழுதுவது?

அந்தக் கதை கற்பனை. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1884-இல், அவர் ஜெனோவாவில் 'நோர்த் அமெரிக்கா' என்ற கப்பல் ஏறி தென்னமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்திருந்தார். அந்தப் பயணத்தை 1889-இல் புத்தகமாக எழுதினார். கப்பலுக்கு அதில் கலிலேயோ என்று பெயர் வைத்தார். மூன்றாம் வகுப்பில் ஆயிரத்து அறுநூறு பேர். முதல் வகுப்பு டிக்கெட் அவர் கையில் இருந்தது. சாப்பாட்டு மேசை, பியானோ, பேச்சுத் துணை எல்லாம் இருந்தன. அவர் படியிறங்கிக் கீழே போனார். முதலில் அவர்கள் இவரை முறைத்தார்கள், வேடிக்கை பார்க்க வந்த துரை என்று நினைத்தார்கள். மறுபடியும் மறுபடியும் போனார். ஏன் ஊரை விட்டுப் போகிறீர்கள் என்று கேட்டார். மாவு அரைக்கவே வரி போட்ட காலம் அது. வடக்கே வெறும் மக்காச்சோளத்தைத் தின்று தோல் வெடித்துப் புத்தி பேதலிக்கும் பெலாக்ரா நோய் வேறு. அந்தக் கப்பலில் ஒரு குழந்தை பிறக்கிறது. ஒரு கிழவர் இறக்கிறார், உடலைக் கடலில் இறக்குகிறார்கள்.

1876 முதல் 1915 வரை இத்தாலியிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் வெளியேறினார்கள். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு! அவர்கள் ஓடினார்கள். அந்த ஓட்டத்தின் நடுவில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தார். அதனால்தான் இன்று நமக்கு அவர்களின் முகம் தெரிகிறது.

அந்தக் கப்பலும் அங்கே கண்டதும் அவரை மாற்றின என்பது என் கருத்து. 1890-களில் அவர் சோஷலிஸ்ட் ஆனார், தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். கிராமத்து ஆசிரியர்கள் பட்ட அவமானத்தையும் அரைச் சம்பளத்தையும் ஒரு நாவலாகவே எழுதினார். பிறகு டூரின் நகர டிராம் வண்டிகளில் ஓராண்டு முழுக்கப் பயணம் செய்து, ஏறியவர் இறங்கியவரை எழுதி, 1899-இல் வெளியிட்டார். சொந்த ஊரிலேயே பயண நூல்! 1898-இல் தாயை இழந்தார், மூத்த மகன் ஃபூரியோ தற்கொலை செய்துகொண்டான். அதற்குப் பிறகும் பத்து ஆண்டு எழுதி, 1908 மார்ச் 11-இல் போர்திகேரா என்ற கடற்கரை ஊரில், ஒரு விடுதி அறையில் இறந்தார்.

கவிதை? 1881-இல் ஒரு தொகுதி வந்தது. அறுபது வயதுத் தாயைப் பார்க்கப் பார்க்க இன்னும் அழகாகத் தெரிகிறாள் என்ற அவர் பாட்டை இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்தார்கள். மற்றதை இன்னொரு மேடையில் பேசலாம். இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன்.

அமீச்சிஸ் பிறந்து பதினான்கு ஆண்டு கழித்து, 1860-இல், சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போனது. நம் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த பெரியவர்கள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பெட்டியில் நீல நிற ஏர்மெயில் கடிதங்கள் இருக்கின்றன. வளைகுடாவுக்குப் போனவர்கள் எண்பதுகளில் கேசட்டில் பேசி அனுப்பினார்களே, அந்த நாடாக்கள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. வீடு இடித்துக் கட்டும்போது பழைய காகிதக்காரருக்குப் போய்விடுகின்றன. திரைகடல் ஓடியும் திரவியம் தேடினார்கள், சரி. அவர்கள் எழுதிய கடிதம் திரவியம் இல்லையா?

இந்தக் கடிதங்களையும் நாடாக்களையும் சேர்த்துக் காக்கத்தான் வாசகர் வட்டம் அலைந்துகொண்டிருக்கிறது. ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. மறுபடி கொடுத்தோம், அந்தப் பிரிவே எங்களிடம் இல்லை என்றார்கள். சரி, நாமே செய்வோம்.

பேரூராட்சித் தலைவர் அம்மா, உங்களிடம் கேட்பதாகச் சொன்னது இதுதான். நூலகத்தின் பின்னால் பூட்டிக் கிடக்கும் அறையைக் கூரை பழுதுபார்த்து எங்களுக்கு ஒதுக்கி, வரும் கூட்டத்தில் தீர்மானம் போட்டுத் தர வேண்டும். கரையான் ஏறாத இரும்பு பீரோ ஒன்று வாங்கித் தருவதாக வர்த்தகர் சங்கத்துப் பெரியவர் இப்போதுதான் என் காதில் சொன்னார், அவருக்கு நன்றி. கடிதத்தின் அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம், படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். வீட்டு அந்தரங்கம் இருக்கும் பக்கத்தைக் கொடுக்க வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் கேட்டு எழுத மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள், தமிழாசிரியை பொறுப்பு ஏற்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்துக்கு வாருங்கள். நூலகர் அம்மாவின் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். யார் எந்த ஆண்டில் எந்தக் கப்பலில், எந்த விமானத்தில் போனார் என்று முதல் வரியில் எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் அந்த ஆண்டு என்ன விளைந்தது, என்ன வெள்ளம் வந்தது என்று சொல்லுங்கள், நாங்கள் கண்டுபிடித்துக்கொள்கிறோம். நன்றி, வணக்கம்.