குதிரை லாயத்தில் ஒரு ஓவியர்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றல் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே பேசப் போகிறேன். கையில் இருக்கும், ஓவியர் மினே ஓகுபோ வரைந்து எழுதிய இந்தப் புத்தகம்தான் காரணம்.

அதற்கு முன்னால் ஒரு அரசாங்கக் காகிதம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு அமெரிக்கா மோதிக்கொண்டிருந்த நேரம், 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் எண் உத்தரவு. ராணுவம் குறிக்கும் பகுதியிலிருந்து யாரை வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்கிறது. 'ஜப்பானியர்' என்ற சொல்லை அதில் தேடித் தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை! ஆனால் அதைக் காட்டித்தான் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்.

அவர்களில் ஒருவர்தான் மினே ஓகுபோ. கலிபோர்னியாவில் பிறந்தவர், பெர்க்லியில் ஓவியம் படித்தவர். அவருக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு குடும்ப எண் கொடுத்தார்கள்: 13660. அதன்பிறகு பெட்டி படுக்கையிலும் அந்த எண்தான், சட்டையிலும் அந்த எண்தான்.

அனுப்பிய இடம் டான்ஃபோரான். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஒரு குதிரைப் பந்தய மைதானம். தங்க இடம்? குதிரை லாயம்தான். சுவரில் ஒட்டியிருந்த சிலந்தி வலை, வைக்கோல், குதிரை மயிர் எதையும் சுரண்டாமல் அப்படியே மேலே வெள்ளையடித்து விட்டிருந்தார்கள். எனக்கு அந்த வெள்ளையடிப்புதான் மறக்கவே மாட்டேன் என்கிறது. மெத்தை வேண்டுமென்றால் ஒரு பையை வாங்கி, அவரவரே வைக்கோல் திணித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே இருப்பவர்கள் கேமரா வைத்திருக்கக் கூடாது. சரி, கையும் பேனாவும் இருக்கிறதே? வரைந்து தள்ளினார். டான்ஃபோரானிலும், அப்புறம் யூட்டா பாலைவனத்தில் டோபாஸ் முகாமிலும் சேர்த்துச் சுமார் 2,000 படங்கள். சாப்பாட்டுக்கு வரிசை, குளிக்க வரிசை. தடுப்பில்லாத பொதுக் கழிப்பறையில் கூனிக் குறுகும் பெண்கள். புழுதிப் புயல்.

இன்னொன்று கவனியுங்கள். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் அவரே எங்கேயாவது நிற்கிறார். சில இடங்களில் ஓரமாக, நம் கல்யாண ஆல்பத்தில் தலை நீட்டும் சித்தி மாதிரி. கீழே இரண்டு மூன்று வரி, அதில் அழுகையும் இல்லை, வசையும் இல்லை. கொஞ்சம் குறும்புகூட உண்டு. கோபமாக எழுதியிருந்தால் இந்த அளவுக்கு நம்பியிருப்பேனா, தெரியவில்லை.

போர் முடிந்த மறு வருடமே, 1946-இல், புத்தகம் வந்தது. பெயர் 'சிட்டிசன் 13660'. முதல் சொல் குடிமகள், அடுத்தது கைதி எண். தலைப்பிலேயே வழக்கை முடித்துவிட்டார் மனுஷி!

1981-இல், இப்படி மக்களை முகாம்களில் அடைத்ததை விசாரித்த அரசு ஆணையத்தின் முன் சாட்சி சொல்லப் போனபோது, இந்தப் புத்தகத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார். 1988-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் தரச் சட்டம் வந்தது.

இருங்கள், அந்த லாயப் படத்தைக் கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். வெளிச்சம் சரியாக இருக்கிறதா? இதோ, இந்த மூலையில் நிற்கிறார் பாருங்கள்.