முடிந்துபோனதைக் கிளறும் கேள்விகள்

வணக்கம் நேயர்களே.

குடும்பநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் என்ன சண்டை என்று கேட்டால், பணம், குடி, மாமியார் என்றுதான் முதலில் சொல்வார்கள். இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசும்போது வேறொன்று வெளியே வரும். "கல்யாணத்துக்கு முன்னாடி இவருக்கு ஒருத்தி இருந்தாளாம் மேடம், அது மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது" என்பார் மனைவி. "அவ காலேஜ்ல ஒருத்தனோட பழகியிருக்கா" என்பார் கணவர். துணையின் கடந்த காலத்தின் மேல் வரும் இந்தப் பொறாமையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பல ஜோடிகளுக்கு இது நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் தொடங்குகிறது. ராத்திரி வெகுநேரம் போன் பேச்சு. "நமக்குள்ள ஒளிவுமறைவு வேண்டாம், பழசெல்லாம் சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." நம்பி, நாலு வரியில் சொல்லிவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த நாலு வரியிலிருந்து கேள்விகள் முளைக்கின்றன. எத்தனை வருஷம் பழகினீர்கள்? எந்த ஊருக்குப் போனீர்கள்? பீரோவில் இருக்கும் அந்தப் பச்சைச் சுடிதார் அவன் வாங்கித் தந்ததா? போதாததற்குக் கைபேசி வேறு, 'ஆறு வருடங்களுக்கு முன் இதே நாளில்' என்று பழைய கல்லூரிச் சுற்றுலாப் படத்தைத் தானாக எடுத்து நீட்டுகிறது. படத்தின் ஓரத்தில் நிற்பவன் யார் என்று அன்றைக்கு ஒரு விசாரணை.

கேட்பவருக்குப் பதில் கிடைத்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம் அந்தப் பதிலுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வி வருகிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுவதைப் போலத்தான் இது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டால் மனம் ஆறிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆறாது. தெரிந்த ஒவ்வொரு விவரமும் கண் முன்னால் படமாக ஓடத் தொடங்கும். சிலருக்கு இது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவமாகவும் இருக்கும். வேண்டாத எண்ணம் வரும், அதை அடக்கக் கேள்வி கேட்பார்கள், கேட்கக் கேட்க எண்ணத்துக்குப் பலம் கூடும். எண்ணம் வந்தாலும் கேட்காமல், போனைத் துழாவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவதுதான் சிகிச்சை. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நெடுநாள் குடிப்பவருக்குச் சந்தேகமே நோயாக முற்றிவிடுவதும் உண்டு. அவரிடம் சத்தியம் செய்து பயனில்லை, மருத்துவரிடம்தான் அழைத்துப் போக வேண்டும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய உறவு இன்றும் தொடர்கிறது என்றால் அது இன்றைய பிரச்சினை, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முடிந்துபோனதைத் திரும்பத் திரும்பத் தோண்டுவது வேறு. நம் ஊரில் இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. ஆணின் பழைய காதல் 'வயசுக் கோளாறு', பெண்ணுடையது 'நடத்தை'. அவள் நம்பிச் சொன்னதையே தினமும் குத்திக்காட்டி இழிவுபடுத்தும் கணவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், வாய்ச்சொல்லால் அவமானப்படுத்துவதும் வன்முறைதான்.

இந்த விஷயம் பெற்றவர்கள் காதுக்குப் போனால் சிக்கல் இரண்டு மடங்காகிறது. கோபத்தில் அம்மாவிடம் கொட்டிவிடுகிறோம். பத்து நாளில் நாம் சமாதானமாகிவிடுவோம், அம்மா மறக்க மாட்டார். எப்போதோ ஒரு வளைகாப்பில், சீர் குறைந்துவிட்டது என்ற பேச்சு முற்றும்போது, "உங்க பொண்ணு யோக்கியதை தெரியாதா" என்று அது சபையில் வந்து விழும். அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்களும் ஒரே பந்தியில் உட்காராது. அடியோ மிரட்டலோ இருந்தால் கட்டாயம் பெற்றவர்களிடம் சொல்லுங்கள். வெறும் பொறாமை என்றால் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

என்னை அதிகம் வருத்துவது இரண்டாம் கல்யாணம் நடந்த வீடுகள். கூடத்தில் மாலை போட்ட முதல் மனைவியின் படம். அதற்கு விளக்கேற்றும் வேலை புதிதாக வந்தவளுக்கு. வருகிற உறவுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "அவ வைக்கிற வத்தக்குழம்பு மாதிரி வருமா" என்பார். இறந்தவருக்கு இனி கோபம் வராது, அவர் அடுப்பில் பால் பொங்கி வழியாது. குறையே செய்ய முடியாத ஒருத்தியோடு இவள் எப்படிப் போட்டி போடுவாள்? அந்தக் கோபம் பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் முதல் மனைவியின் அப்பா அம்மா மேல் திரும்புகிறது. காப்பி வரும், முகம் வராது. அவர்களும் வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அம்மாவை இழந்த குழந்தை தாத்தா பாட்டியையும் இழக்கிறது.

இவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நடுவில் வாய் திறக்காமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணவரைத்தான் கேட்பேன். விளக்கை நீங்கள் ஏற்றுங்கள். குழந்தையிடம் கேட்டுவிட்டுப் படத்தை அதன் அறைக்கு மாற்றுங்கள். வத்தக்குழம்புப் பேச்சு வந்தால், "எனக்கு இவ சமையல் பிடிச்சிருக்கு சித்தப்பா" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். முதல் மனைவியின் அப்பா அம்மா வர ஒரு நாளைப் பேசி வைத்து, அன்று நீங்களும் வீட்டில் இருங்கள். தன் இடம் உறுதி என்று தெரிந்த பிறகு, "பொங்கலுக்கு வாங்கம்மா" என்று அந்தப் பெண்ணே கூப்பிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்விகளை அடக்க முடியாமல் தவிப்பவர்கள் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், ஆண்களும் அழைக்கலாம். அடி, மிரட்டல் என்று போய்விட்ட இடத்தில் பெண்களுக்கு 181. எண்ணை எழுதிக்கொள்ள முடியாத நிலையில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: ஒன்று நான்கு நான்கு ஒன்று ஆறு. மற்றது ஒன்று எட்டு ஒன்று. நன்றி, வணக்கம்.