கண்ணை விற்று வாங்கும் சித்திரம்

நடுவர் அம்மா அவர்களுக்கும், ஏற்காட்டுக் குளிரையும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் சொன்னது இதுதான்: கிராமத்துத் தொலைபேசி வலையமைப்பை விற்றுவிடலாம், அந்தப் பணத்தில் நல்ல பிராட்பேண்ட் கொண்டுவரலாம். லேண்ட்லைனைச் சீந்த ஆளில்லை, கம்பியைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும் என்று கேட்டார். அமெரிக்காவிலேயே விற்றார்கள் என்றும் சொன்னார். சரி, அந்த அமெரிக்கக் கதையை அண்ணன் பாதியில் விட்டுவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

மெயின், நியூ ஹாம்ப்ஷையர், வெர்மான்ட் என்று மூன்று மாநிலங்கள். மலையும் காடும், தள்ளித் தள்ளி வீடுகளும். நம்ம சேர்வராயன் மலைக்காரருக்கு அந்த இடத்தை விளக்கவே வேண்டாம். அங்கே இருந்த தொலைபேசிக் கம்பிகளை 2008 மார்ச்சில் வெரைசான் கம்பெனி, ஃபேர்பாயின்ட் என்ற கம்பெனிக்குச் சுமார் 270 கோடி டாலருக்குக் கைமாற்றியது. வாங்கினவர் விற்றவரைவிட ரொம்பச் சின்னவர். கடன் வாங்கித்தான் வாங்கினார். ஊர் ஊராக பிராட்பேண்ட் தருவேன் என்று வாக்கும் கொடுத்தார்.

அந்த 270 கோடியில் ஒரு டாலராவது வெர்மான்ட் மலைக்கு வந்ததா? வெரைசானின் பங்குதாரர்களுக்குப் புதுக் கம்பெனியின் பங்குகள் போயின. வெரைசானுக்கு ரொக்கமும் கடன் பத்திரமும் போயின. அதே காலத்தில் அந்தக் கம்பெனி ஃபைபர் என்ற கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துக்கொண்டிருந்தது நகரங்களிலும் புறநகர்களிலும். மலைக்கு மிஞ்சியது கடன். 2009 தொடக்கத்தில் கணினி அமைப்பை மாற்றினார்கள்; பில் தப்பாக வந்தது, கேட்ட இணைப்பு வரவில்லை. அந்த அக்டோபரிலேயே ஃபேர்பாயின்ட் திவால் மனு போட்டது. விற்று பத்தொன்பது மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

ஒரு கம்பெனி தடுக்கி விழுந்தது, அவ்வளவுதானே என்பீர்கள். ஹவாய்த் தீவின் கம்பிகளையும் 2005இல் வெரைசான் இதேபோல் விற்றது. 2008 டிசம்பரில் அந்தக் கம்பெனியும் திவால். 2010இல் வெரைசானிடமிருந்து பதினான்கு மாநிலங்களின் கம்பிகளை ஃபிரான்டியர் என்ற கம்பெனி 860 கோடி டாலருக்கு வாங்கியது. 2016இல் இன்னும் மூன்று மாநிலங்கள். 2020 ஏப்ரலில் அதுவும் திவால் மனுவோடு நீதிமன்றப் படி ஏறியது. அப்புறம்தான் அங்கே ஃபைபர் வேகமெடுத்தது, ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கடன் கழிக்கப்பட்ட பிறகு. 2024 செப்டம்பரில் வெரைசானே, கடனோடு சேர்த்து 2,000 கோடி டாலருக்கு ஃபிரான்டியரை வாங்க ஒப்பந்தம் போட்டது. தான் விற்ற கம்பியில் ஒரு பங்கை, ஃபைபரான பிறகு, தானே திரும்ப வாங்கிக்கொண்டது. நடுவில் பத்து வருஷம் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்பார்கள். அதிலாவது கண் போனவன் வீட்டுக்குச் சித்திரம் வந்துசேரும். இங்கே கண் மலைக்காரனுடையது, சித்திரம் மாட்டியிருப்பது நகரத்துக்காரன் சுவரில்.

நம்ம ஊருக்கு வருகிறேன். என் அப்பா இந்த மலையில் லைன்மேனாக இருந்தவர். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை விழுந்து கேபிள் அறுந்தால், நாகலூர் ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து ஜாயின்ட்டைப் பிரிப்பார். உள்ளே பிசுபிசுவென்று ஜெல்லி. அதைத் துடைத்துவிட்டு வெள்ளையோடு நீலம், வெள்ளையோடு ஆரஞ்சு என்று முடிச்சுப் போடுவார். நான் குடை பிடிப்பேன். கடைசியில் டெஸ்ட் போனைக் கவ்வவிட்டு, 'ஹலோ, கேட்குதா?' என்பார். பத்து வீட்டுக்காக அரை நாள். கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். அந்த நஷ்டத்தைத் தாங்கியது எது? கீழே சேலம் நகரத்து அம்மாபேட்டையிலும் சூரமங்கலத்திலும் ஒரே கிலோமீட்டர் கேபிளில் இருந்த நூற்றுக்கணக்கான வீடுகளின் பில். மலைக் கம்பியை மட்டும் தனியாகப் பிரித்து விற்றால் முதலில் அறுவது அந்தக் கயிறுதான்.

பழைய செம்புக் கம்பியைக் கழற்றி விற்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வந்த பாதை, நட்ட கம்பம், எக்ஸ்சேஞ்ச் கட்டடம், அதிலிருக்கும் பேட்டரி, இவை எல்லாம் செம்போடு சேர்ந்து கைமாறுகின்றன. ஃபைபர் ஏறிவர வேண்டியதே அந்த வழியில்தான்.

பணத்துக்கு எங்கே போவது? அண்ணன் நியாயமாகத்தான் கேட்டார். வழி நம்மிடமே இருக்கிறது. தொலைபேசிக் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 5 விழுக்காட்டைக் கிராமச் சேவைக்கென்று செலுத்தும் நிதி 2002 முதல் நடக்கிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. நகரத்து பில் மலைக் கம்பியைத் தாங்கிய அதே முறை, சட்டமாகவே. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டமும் பொதுப் பணத்தில்தான். அந்த வெர்மான்ட்காரர்களே என்ன செய்தார்கள் தெரியுமா? கம்பெனியை நம்பிப் பயனில்லை என்று பல ஊர்கள் சேர்ந்து, ஊர்க்காரர்களிடமே சிறு சிறு கடனாக வாங்கி, சொந்த ஃபைபர் போட ஆரம்பித்தார்கள். அவர்கள் எதையும் விற்கவில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியிடம் ஒரே கேள்வி. விற்றாகிவிட்டது, வாங்கினவர் கடனில் மூழ்கிவிட்டார், கொட்டச்சேடு வழியில் கிளை விழுந்து கம்பி அறுந்து கிடக்கிறது. அன்றைக்கு அந்தப் பத்து வீட்டுக்காரர்கள் யார் வாசலில் போய் நிற்பது? அடுத்துப் பேச வரும் தோழர் ஒரு முகவரி சொல்லட்டும்.