வசனம் இல்லாத அந்த இருபது நொடி

(திரை முழுக்கக் கருப்பு. ஒலி மட்டும்: கதவு கிறீச்சிடுகிறது. மெல்லிய காலடி. ஏதோ விழுந்து உருள்கிறது. 'டக்' என்று சுவிட்ச். அரங்கமே சிரிக்கிறது.)

எதற்குச் சிரித்தார்கள்? தெரியவில்லை, இல்லையா? பார்வையற்றவர்களுக்குத் தியேட்டரில் இருக்கும் சிக்கல் இதுதான்.

வசனம் ஓடும்வரை பெரிய தொல்லை இல்லை. குரலை வைத்தே யார் பேசுகிறார் என்று பிடித்துவிடுவார்கள். கார் எந்தப் பக்கம் போகிறது என்று ஸ்பீக்கரே சொல்லிவிடும். விசில், கைதட்டல், பாட்டுக்கு அதிரும் சீட் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. 'கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு சினிமா?' என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

வசனம் நின்றதும் பக்கத்தில் இருக்கும் தங்கையிடம் "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். அவள் கிசுகிசுத்தால் முன்சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார்.

சரி, அதே காட்சி. இப்போது ஒலி விவரணையோடு, அதாவது வசனம் இல்லாத இடத்தில் திரையில் நடப்பதைச் சொல்லும் குரலோடு.

(விவரணைக் குரல்: "செருப்பைக் கையில் பிடித்தபடி மாப்பிள்ளை பதுங்கி வருகிறார். முழங்கை பட்டு டம்ளர் விழுகிறது. விளக்கு எரிகிறது. எதிரே மாமனார், அவர் கையிலும் செருப்பு.")

கவனித்தீர்களா? கண்ணுக்குத் தெரிவது மட்டுமே இருக்கிறது. 'வேடிக்கையாக' என்ற சொல் இல்லை. கடைசி வரி சிரிப்பலைக்குச் சற்று முன்பு முடிய வேண்டும். தாமதமானால் ஊரே சிரித்து ஓய்ந்த பிறகு பார்வையற்றவர் மட்டும் தனியாகச் சிரிப்பார். எழுதுபவரின் திறமையே இந்த இடைவெளியைக் கையாள்வதில்தான் இருக்கிறது.

தியேட்டரில் இதைக் கேட்க செல்போன் செயலி போதும். இந்தியாவில் எக்ஸ்எல் சினிமா அப்படி ஒன்று. விவரணையை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். போனின் மைக் படத்தின் ஒலியைக் கேட்டு, எந்த இடம் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து விவரணையைத் தொடங்கும். ஒரு காதில் இயர்போன், மறு காது படத்துக்கு.

சட்டமும் பக்கபலமாக இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு ஒலி விவரணையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2023 ஜனவரியில் 'பதான்' இந்திப் படம் தொடர்பான வழக்கில், ஓடிடி வெளியீட்டுக்கு விவரணை தயாரிக்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். 2024 மார்ச்சில் திரையரங்குகளுக்கே மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன.

தயாரிப்பாளர்களே, படத்துக்கு விவரணை செய்தால் அதை வெளியே சொல்லுங்கள். போஸ்டர் படத்துக்குள் மட்டும் அச்சடித்தால் திரைவாசிப்பானால் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளால்) படிக்க முடியாது. டிக்கெட் பதிவுப் பக்கத்தில், படத்தின் பெயருக்குக் கீழேயே, எழுத்தாகப் போடுங்கள்.