காலையில் நொண்டும் குழந்தை

நேயர்களுக்கு வணக்கம். மூட்டுவலி என்றால் தாத்தா பாட்டிக்கு வருவது என்றே நம் பேச்சில் பதிந்துவிட்டது. இரண்டு வயதிலும் அது வரும் என்பதைப் புதுச்சேரியில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் நான் ஒவ்வொரு பெற்றோருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டு வீக்கத்தைக் குழந்தைப் பருவ மூட்டழற்சி என்கிறோம். 1897-லேயே லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், இத்தகைய 22 குழந்தைகளைப் பற்றி எழுதி, அவர்களில் பலருக்கு இருப்பது பெரியவர்களின் முடக்குவாதம் அன்று எனக் காட்டியிருக்கிறார்.

சின்னஞ்சிறு குழந்தை பெரும்பாலும் "முட்டி வலிக்கிறது" என்று சொல்லாது. அதுவரை செய்துவந்த ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தாய் தம் மூன்று வயது மகளை, "எப்போதும் தூக்கு தூக்கு என்று அடம்பிடிக்கிறாள்" என்ற புகாரோடு அழைத்து வந்தார். பாயில் புளியங்கொட்டைகளை இறைத்துவிட்டுப் பொறுக்கச் சொன்னேன். குழந்தை குந்தவில்லை; ஒரு காலை நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து பொறுக்கினாள். எழும்போது உள்ளங்கையைத் தரையில் ஊன்றாமல் முஷ்டியை ஊன்றினாள். மணிக்கட்டு பின்பக்கமாக வளைய மறுத்தால் கை தானாகத் தேடிக்கொள்ளும் வழி அது. "அவ பழக்கமே அப்படித்தான்னு நெனச்சோம் மேடம்" என்றார் தாய். முட்டி மட்டுமல்ல, மணிக்கட்டும் வீங்கியிருந்தது.

இந்நோயின் விறைப்பு காலையில்தான் கடுமையாக இருக்கும். படுக்கையிலிருந்து நொண்டியபடி இறங்கும் குழந்தை பத்து மணிக்கு ஓடியாடும். புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இராது. ஆகவே, எழுந்தவுடன் குழந்தை நடப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள்.

வீங்கிய முட்டியை மடக்கி வைத்திருப்பது குழந்தைக்கு இதம். பரிதாபப்பட்டு அடியில் தலையணை வைக்கிறோம். நாளடைவில் கால் மடங்கியபடியே நின்றுவிடுகிறது. போதாததற்கு, அழற்சி உள்ள முட்டியை ஒட்டிய எலும்பு சற்று வேகமாக வளர்வதால் அந்தக் கால் நீண்டு, அதைச் சமன்செய்ய முட்டி மேலும் மடங்குகிறது. சுளுக்கு என்று எண்ணி, சூடாக வீங்கியிருக்கும் மூட்டை எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம்.

மருந்தும், தேவைப்பட்டால் மூட்டுக்குள் போடும் ஊசியும் அழற்சியைத் தணிக்கும். மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்திருந்தால் அது வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே, தினமும் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் மாடிப்படி ஏறுவது, நொண்டி விளையாடுவது, பொத்தான் போடுவது, சோற்றைப் பிசைந்து உண்பது எல்லாம் பழகும் வயதை இடுப்பிலேயே கழித்த குழந்தைக்கு, அவற்றை மருந்து கற்றுத் தராது. ஊட்டிவிடும் பாட்டியிடம் இதைச் சொல்வதுதான் என் தொழிலில் ஆகக் கடினமான வேலை!

காலையில் அரைமணி முன்னதாக எழுப்பி, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டினால் விறைப்பு இளகும். பிறகு சட்டையைக் குழந்தையே போட்டுக்கொள்ளட்டும், பொத்தானுக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் சரி. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள். கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால், ஈர மணலை உள்ளங்கையால் அழுத்திக் கோபுரம் கட்டுவது மணிக்கட்டுக்கு நல்ல பயிற்சி. மூன்று சக்கர சைக்கிள் முட்டிக்கு நல்லது. அங்கன்வாடியில் நெடுநேரம் ஒரே இடத்தில் சம்மணமிட்டு உட்கார வைக்காமல், இடையிடையே எழுந்து நடக்க விடச் சொல்லுங்கள். அந்த முத்தியால்பேட்டைக் குழந்தை இப்போது குந்திப் புளியங்கொட்டை பொறுக்குகிறாள்; உள்ளங்கை இன்னும் முழுதாகத் தரையில் படியவில்லை.

குழந்தை அடிக்கடி தடுக்கி விழுந்தால் முட்டியை மட்டும் குறைகூற வேண்டாம். இந்நோய் சில குழந்தைகளின் கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்கும். கண் சிவக்காது, வலிக்காது, பார்வை மட்டும் குறையும். ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியால் பார்த்தால்தான் தெரியும். பாதிப்புக்கு வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு, மூட்டு நன்றாக இருக்கும் காலத்திலும், 3 மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பரிசோதனை தேவை. வணக்கம்.