ஊர் கூடும் இடங்கள்: குழுக்களை வைத்துச் சென்னைக்கு ஒரு வரைபடம்

நேயர்களுக்கு வணக்கம்.

பறவை பார்ப்பவர்கள், வினாடி வினா நடத்துபவர்கள், கேரம் ஆடுபவர்கள், சபாக்காரர்கள் என்று சென்னையில் யார் எங்கே கூடுகிறார்கள் என்பதை வரைபடத்தில் காட்டும் ஓர் இணையச் செயலியைக் கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தாலே செய்துவிடலாம். நிரல் எழுதுவது பெரிய காரியமில்லை. தகவல் சேர்ப்பதில்தான் பாடு.

ஒத்த ஆர்வமுள்ளவர்கள் கூட்டங்களைப் பதிந்து அறிவிக்கும் மீட்அப் போன்ற இணையத்தளங்களில் இருப்பதை மட்டும் அள்ளிப் போட்டால் அடையாறும் ஓ.எம்.ஆரும் புள்ளிகளாய் நிரம்பும், வியாசர்பாடி வெறிச்சோடிக் கிடக்கும். கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடி! அங்கே ஆட்டத்துக்கு ஆள் சேர்வது வாட்ஸ்அப்பிலும் திடலிலும். எந்தத் தளத்திலும் யாரும் பதிவதில்லை. அதனால் நேரில் போய்த்தான் எழுத வேண்டும். மாநகராட்சித் திடல், கிளை நூலகம், கோயில் மண்டபம், டீக்கடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். 200 வார்டுகளையும் ஒரேயடியாகத் தொடாமல் ஒரு மண்டலத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். போகாத வார்டைச் சாம்பல் நிறத்தில் விடுவது முக்கியம். வெள்ளையாக விட்டால், பார்ப்பவர் அங்கே குழுவே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஒவ்வொரு குழுவுக்கும் பெயர், ஆர்வம், கூடும் இடம், நாள், மொழி, கட்டணம், தொடங்கிய ஆண்டு, கடைசியாகக் கூடிய தேதி ஆகியவற்றைக் குறியுங்கள். தொடங்கிய ஆண்டு இல்லாவிட்டால் 1900இல் தோன்றிய பார்த்தசாரதி சுவாமி சபாவும் போன மாதம் முளைத்த ஓட்டக் குழுவும் ஒன்றுபோலத் தெரியும். உறுப்பினர் எண்ணிக்கையை நம்பிப் புள்ளியின் அளவை வைக்காதீர்கள். பெயர் கொடுத்தவர் ஆயிரம், வருகிறவர் இருபது என்பதுதான் பல குழுக்களின் நிலை.

தி.நகர், டி.நகர், தியாகராய நகர் மூன்றும் ஒன்றுதான் என்று கணினிக்குத் தெரியாது. மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்று தேவை. ஆயங்களில், அதாவது இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில், இன்னொரு வம்பு. இணையத்தில் வரைபடம் காட்ட உதவும் லீஃப்லெட் என்ற நிரல் தொகுப்பு அட்சரேகையை முதலில் கேட்கும், இடத் தகவலைச் சேமிக்கும் ஜியோஜேசான் கோப்பு தீர்க்கரேகையை முதலில் வைக்கும். சென்னையின் 13.08, 80.27 இடம் மாறினால் மயிலாப்பூர் சபாக்கள் எல்லாம் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில் ஆர்க்டிக் கடலில் மிதக்கும். முகவரியை ஆயமாக்க, ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவில் இடம் தேடித் தரும் நாமினாட்டிமின் பொதுச் சேவையைப் பயன்படுத்தினால் நொடிக்கு ஒரு கோரிக்கைக்கு மேல் அனுப்பக்கூடாது. 500 முகவரிக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கிடைத்ததைச் சேமித்து வையுங்கள். தெரு அகப்படவில்லையே என்று ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தால் அத்தனை குழுவும் ஒரே புள்ளியில் குவிந்துவிடும்.

எந்த மண்டலத்தில் எந்த ஆர்வம் ஓங்கியிருக்கிறது என்று காட்ட நிறம் தீட்டும்போது வெறும் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நகரத்தில் 500 குழுக்களில் 50 இசைக் குழுக்கள், அதாவது 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மண்டலத்தில் 20க்கு 6, அதாவது 30 சதவீதம். முப்பதைப் பத்தால் வகுத்தால் 3. இந்த விகிதம்தான் அந்த மண்டலத்தின் தனித்தன்மையைச் சொல்லும். ஆனால் மூன்றே குழுக்கள் உள்ள மண்டலத்தில் ஒன்று இசைக் குழுவானாலும் விகிதம் 3.3 ஆகிவிடும். எனவே பத்துக் குழுக்களுக்குக் குறைவான மண்டலத்துக்கு நிறமே வேண்டாம்.

மாதவாரியாகப் பார்க்கும் வசதியும் வேண்டும். மார்கழிக் கச்சேரிகளை ஆண்டுக் கணக்கில் கரைத்துவிட்டால் டிசம்பரில் மயிலாப்பூர் படும் பாடு தெரியாமலே போய்விடும்.

வீட்டில் கூடும் வாசகர் வட்டம், பஜனைக் குழு போன்றவற்றின் முகவரியைப் போடாமல், வார்டின் நடுவில் ஒரு வெற்று வட்டமாகக் காட்டுங்கள், அதையும் அவர்களைக் கேட்டுவிட்டு. ஆறு மாதமாகக் கூடாத குழுவை மங்கலாக்கி, ஒருமுறை போனில் விசாரித்த பிறகு நீக்குங்கள். கோடை விடுமுறைக்காக நிறுத்தி வைத்தவர்களும் அதில் இருப்பார்கள்.