ஆசிட் ஜாஸ் கேட்கலாம் வாருங்கள்

நண்பர்களே, வணக்கம். ஜாஸ் என்றதும் பலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. இலக்கணம் தெரியாமல் உள்ளே போனால் ஒன்றும் புரியாதே என்று. இன்று நான் பேசப்போகிற இசைக்கு அந்தப் பயம் வேண்டாம். இது கிளப்புகளில் ஆடுவதற்காகப் பிறந்த ஜாஸ்.

1980-களின் பிற்பகுதி, லண்டன். எங்கே போனாலும் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை. இன்னொரு பக்கம், பழைய ஜாஸ் தட்டுகளையும், ஃபங்க் என்ற துள்ளலான அமெரிக்கக் கறுப்பின நடன இசைத்தட்டுகளையும் தேடிப் பிடித்து ஆடுகளத்தில் ஒலிக்கவிட்ட சில டிஜேக்கள். ஜைல்ஸ் பீட்டர்சன் அவர்களில் ஒருவர். ஆசிட் ஹவுஸைச் சீண்டுகிற மாதிரி விளையாட்டாக வைத்த பெயர்தான் ஆசிட் ஜாஸ். 1987-ல் அவரும் எடி பில்லரும் அதே பெயரில் இசைத்தட்டு நிறுவனமே தொடங்கிவிட்டார்கள்.

இசைத்தட்டுப் பைத்தியங்கள் வளர்த்த இசை என்பதால், இதில் பல பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு பழைய பாட்டு இருக்கும். அதையும் சேர்த்து ஜோடியாகக் கேளுங்கள் என்பதுதான் என் சிபாரிசு.

முதல் ஜோடிக்கு அஸ் த்ரீ குழுவின் ‘கேண்டலூப்’. இதன் மூலம், ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘கேண்டலூப் ஐலண்ட்’. 1964-ல் அதைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 24. பியானோவில் ஒரு சின்னத் துணுக்கு. அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார். ஆனால் நான்கு பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) ஒருமுறை அடியில் கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, நகரும். அதனால் அதே துணுக்கு வேறு முகம் காட்டும். அதன்மேல் ஃப்ரெடி ஹப்பர்டின் கார்னெட் (டிரம்பெட் மாதிரியான ஊதுவாத்தியம்) நிதானமாக உலாவும். 1990-களின் தொடக்கத்தில் அஸ் த்ரீ இந்தப் பியானோவை அப்படியே வெட்டியெடுத்து, கனமான டிரம்ஸும் ராப்பும் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் ஒரு கரகரத்த கீச்சுக்குரல் அறிவிப்பு வருகிறதே, அது 1954-ல் நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப்பில் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் கச்சேரிக்காக, பீ வீ மார்க்கெட் என்ற அறிவிப்பாளர் செய்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இவர்கள் முன்பு அனுமதி கேட்காமல் புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவு ஒன்றை எடுத்தாண்டவர்கள். நிறுவனம் வழக்குப் போடாமல் தன் பழைய பதிவுகளையே இவர்களுக்குத் திறந்துவிட்டது. பாட்டு அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போனது.

அடுத்தது இன்காக்னிட்டோவின் ‘ஆல்வேஸ் தேர்’, 1991. ரோனி லாஸ் 1975-ல் வெளியிட்டபோது சாக்ஸஃபோன்தான் மெட்டைச் சுமந்தது. இங்கே அந்த இடத்தில் ஜோஸ்லின் பிரவுனின் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. முதல்முறை அவரைக் கேளுங்கள், மறுமுறை பேஸ் கிட்டாரை மட்டும் கேளுங்கள். ஆசிட் ஜாஸின் உயிர் பேஸில்தான் இருக்கிறது. தயவுசெய்து ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் என்ற ஒன்றே வராது.

ரோனி ஜோர்டனின் ‘ஸோ வாட்’, 1992. மைல்ஸ் டேவிஸின் 1959 பதிவில் பேஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்ற வாத்தியங்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். ஜோர்டன் அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்து ஹிப்-ஹாப் தாளத்தின்மேல் உட்காரவைத்தார். எனக்கு மூலம்தான் ஒசத்தி. ஆனாலும் மூலத்துக்குப் போக இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஜோடி தேடாமல் கேட்கக்கூடிய பாட்டுகளும் உண்டு. யங் டிசைபிள்ஸின் ‘அப்பேரன்ட்லி நத்திங்’ கட்டாயம் கேளுங்கள். பாடுகிற கார்லீன் ஆண்டர்சனின் அம்மா விக்கி, ஜேம்ஸ் பிரவுன் குழுவில் பாடியவர். அந்த ஃபங்க் மகளிடமும் இருக்கிறது. ஜமிரொக்வாயின் ‘வென் யூ கானா லேர்ன்’ ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்ற நீளமான ஊதுகுழலோடு தொடங்கும். ஹேமண்ட் ஆர்கன் என்ற மின் ஆர்கன் பிடிக்கும் என்றால் ஜேம்ஸ் டெய்லர் குவார்டெட். பிராண்ட் நியூ ஹெவீஸில் ‘நெவர் ஸ்டாப்’.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990-களின் நடுவில் இந்த முத்திரையோடு வந்த தொகுப்புகளில் பாதி, ஹோட்டல் வரவேற்பறையில் ஓடவிடுகிற சரக்கு. முதல் நிமிடத்திலேயே டிரம்ஸ் சோம்பலாக இருந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுங்கள்.

கடைசியாக, குரு என்ற அமெரிக்க ராப் பாடகர் வெளியிட்ட ‘ஜாஸ்மடாஸ்’ ஆல்பம், 1993. இதில் ‘லௌஞ்சின்’ என்ற பாட்டுக்கு ஜாஸ் கலைஞர் டொனால்ட் பேர்டே நேரில் வந்து டிரம்பெட் வாசித்தார். இதே பேர்ட் 1973-ல் ‘பிளாக் பேர்ட்’ ஆல்பத்தில் ஃபங்க் பக்கம் சாய்ந்தபோது, ஜாஸை விற்றுவிட்டார் என்று விமர்சகர்கள் திட்டினார்கள். ஆல்பம் விற்றுத் தள்ளியது. லண்டன் டிஜேக்கள் தேடி அலைந்ததும் அப்படித் திட்டு வாங்கின ஜாஸ்-ஃபங்க் தட்டுகளைத்தான். நேரம் இருந்தால் ‘பிளாக் பேர்ட்’, ‘ஜாஸ்மடாஸ்’ இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.